சுவரில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும்: பல்லியோடு வாழ்ந்த கதை

நாய் வளர்க்கிறோம், பூனை வளர்க்கிறோம், கிளி வளர்க்கிறோம் என்றெல்லாம் தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். பல்லி வளர்க்கிறோம் என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடக்கூடும். நம்மிடம் பல்லி இல்லை என்பதல்ல காரணம். பல்லி இல்லாத வீடு நம் ஊர்களில் ஏது? திண்டுக்கல்லின் பழைய ஓட்டு வீடு முதல் புதிய அடுக்ககம் வரை எங்கும் அது உண்டு. ஆனால் அதை யாரும் வாங்கியதில்லை, பெயர் வைத்ததில்லை, உணவிட்டதில்லை. அது தானே வந்தது, தானே வாழ்கிறது. 'வளர்த்தல்' என்ற சொல்லுக்குள் அடங்காத ஓர் உறவு நமக்கும் அதற்கும் இருந்து வந்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் இந்த நிலை மெல்ல மாறுகிறது. கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் சிரித்த முகமாய் இருக்கும் 'சிறுத்தைப் பல்லி' என்ற வெளிநாட்டுச் செல்லப்பிராணியை இணையத்தில் பார்க்கும் இளைஞர்கள் அதை எப்படி வாங்குவது, எப்படி வளர்ப்பது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இதற்குப் பெட்டியின் அளவையும் வெப்பத்தின் அளவையும் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள முடியும். ஆனால் இக்கேள்விக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றில் திண்டுக்கல்லுக்குச் சற்றும் எதிர்பாராத ஓர் இடமும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பல்லி, தெலுங்கில் பல்லி என்பதன் ஒலிப்பு மாறிய வடிவம், கன்னடத்தில் ஹல்லி. ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயரைத் தென்னகம் முழுவதும் இந்தச் சிற்றுயிருக்கு வைத்திருக்கிறது. இம்மொழிகள் பிரியும் முன்பே பல்லி நம் வீட்டுச் சுவரில் இருந்தது என்று இதிலிருந்து ஊகிப்பதில் தவறில்லை. 'கவுளி' என்று இன்னொரு சொல்லும் உண்டு. வத்தலக்குண்டு வெற்றிலைச் சந்தையை அறிந்தவர்களுக்குக் கவுளி என்றால் வெற்றிலைக் கட்டின் கணக்கு. அதே ஒலியுடைய சொல் பல்லியையும் குறித்தது. 'கவுளி சாத்திரம்' என்று பல்லி சகுன நூல்களுக்குப் பெயர் வந்தது இந்தச் சொல்லால்தான்.

சங்க இலக்கியத்தில் பல்லி பலமுறை வருகிறது. பெரும்பாலும் பாலைத் திணைப் பாடல்களில். பிரிந்து சென்ற தலைவன் வருவானா என்று ஏங்கும் தலைவிக்குப் பல்லியின் ஒலி நற்குறி. இது எல்லோரும் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாத ஒன்று, அப்புலவர்கள் பல்லியை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பது. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய குறுந்தொகை 16ஆம் பாடலில் கள்ளிக்காட்டில் சிவந்த கால்களையுடைய பல்லி தன் துணையை அழைக்கிறது. வழிப்பறிக் கள்வர் தம் அம்பின் இரும்பு முனையைச் சீர்பார்க்க நகநுனியால் புரட்டும்போது எழும் ஓசையோடு அந்த ஒலி ஒப்பிடப்படுகிறது. இருட்டில் பல்லி எழுப்பும் அந்த 'டிக் டிக்' ஒலியைக் கேட்டவர்களுக்கு இவ்வுவமை எத்தனை துல்லியமானது என்று விளங்கும்.

அதைவிட முக்கியமானது, பல்லி தன் துணையை அழைக்கிறது என்று கவிஞர் சொல்லியிருப்பது. இன்றைய உயிரியலாளர்களும் பல்லியின் ஒலி பெரும்பாலும் துணையை அழைக்கவும் தன் எல்லையைப் பிற ஆண்களுக்கு அறிவிக்கவும்தான் என்கிறார்கள். சகுனம் என்பது கேட்பவரின் மனத்தில் நிகழ்வது. அழைப்பு என்பது பல்லியின் வாழ்வில் நிகழ்வது. இரண்டையும் ஒரே பாட்டில் நம் முன்னோர் வைத்திருந்தார்கள்.

நற்றிணை 98ஆம் பாடலில் காட்சி இன்னும் வேடிக்கையானது. தினைப்புனத்தை மேய வந்த காட்டுப்பன்றி நுழையும் இடத்தில் பல்லியின் ஒலி கேட்கிறது. பன்றி அதைத் தீக்குறியாக எண்ணி மெல்லப் பின்வாங்கித் தன் இருப்பிடம் திரும்புகிறது. பாடியவர் உக்கிரப் பெருவழுதி என்ற பாண்டிய மன்னர். சகுனம் பார்ப்பது மனிதனுக்கு மட்டும் உரியதல்ல என்று அரசர் ஒருவர் நகைச்சுவையோடு எழுதியதாகவே எனக்கு இப்பாடல் தோன்றுகிறது.

*

சங்க காலத்தின் நற்குறி பின்னாளில் பஞ்சாங்கத்தின் அட்டவணையாக இறுகியது. பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, எந்தத் திசையில் ஒலித்தால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பலன். தமிழ்ப் பஞ்சாங்கங்களில் 'பல்லி விழும் பலன்' என்ற பக்கம் இன்றும் அச்சாகிறது. கூடவே பரிகாரமும் வந்தது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பொற்பல்லியும் வெள்ளிப் பல்லியும் உள்ளன. கௌதம முனிவரின் சீடர் இருவர் சாபத்தால் பல்லிகளாயினர், இங்கே சாபம் நீங்கினர் என்பது தலபுராணம். மேற்கூரையில் பதிக்கப்பட்ட அவற்றை அடியார்கள் தொட்டு வணங்கினால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்று நம்பிக்கை.

கோயிலில் தொட்டு வணங்குகிறோம், வீட்டில் விளக்குமாற்றால் விரட்டுகிறோம். இந்த முரண் நமக்கு உறுத்துவதில்லை. விரட்டுவதற்குக் காரணம் நஞ்சு என்ற அச்சம். 'சாம்பாரில் பல்லி விழுந்தது' என்ற செய்தி அடிக்கடி வருகிறது. உண்மையில் நம் வீட்டுப் பல்லிக்கு நஞ்சு இல்லை. அப்படியானால் உடல்நலக் கேடு எங்கிருந்து வருகிறது? பல்லியின் குடலிலும் எச்சத்திலும் 'சால்மோனெல்லா' என்ற நுண்ணுயிரி இருக்கக்கூடும். உணவில் அது கலந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அதாவது அச்சம் முழுக்கப் பொய்யல்ல, அதன் காரணம்தான் தவறு. பெட்டியில் பல்லி வளர்க்க நினைப்பவர் இதை மறக்கக்கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் தொடாமல் இருப்பது நலம். பெட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. அமெரிக்காவில் 1975இல் நான்கு அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்ததற்கும் இதே நுண்ணுயிரிதான் காரணம்.

*

பல்லிக்கு அறிவியல் பெயர் சூட்டும் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. நம் வீட்டுச் சுவரில் மிகுதியாகக் காணப்படும் இனங்களில் ஒன்றான 'ஹெமிடாக்டைலஸ் பிரெனாட்டஸ்' 1836இல் துமேரில், பிப்ரோன் என்ற பிரெஞ்சு அறிஞர்களால் விவரிக்கப்பட்டது. ஹெமிடாக்டைலஸ் என்றால் 'அரைவிரல்' என்று பொருள். விரலின் அடியில் இலைத்தட்டு போல் அகன்ற ஒட்டுப்பகுதியைக் கண்டு வைத்த பெயர். அதே ஆண்டில் அவர்கள் விவரித்த இன்னொரு இனம் புளியமரப் பட்டைகளில் ஒட்டியிருக்கும் பெரிய பட்டைப் பல்லி. புதுச்சேரியில் பணியாற்றிய லெஷனோ என்ற தாவரவியலாளரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. திண்டுக்கல் சமவெளியின் சாலையோரப் புளியமரத்தை இரவில் கைவிளக்கோடு சுற்றி வந்தால் லெஷனோவின் பெயரைத் தாங்கியவர்களைப் பார்க்கலாம்.

வீட்டுப் பல்லியின் பயணம் தனிக் காவியம். அதன் முட்டைக்குச் சுண்ணாம்பு ஓடு உண்டு, எளிதில் உலராது. ஒரு முறைக்கு இரண்டு முட்டை. பாய்மரக் கப்பலின் மரச் சந்திலோ சரக்கு மூட்டையிலோ வைத்த முட்டை பல வாரம் கடலில் பயணம் செய்து வேறொரு துறைமுகத்தில் பொரித்துவிடும். ஆசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை அது இப்படித்தான் பரவியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ஹவாய்த் தீவுகளில் இறங்கிய அது அங்கே முன்பிருந்த சிறு பல்லியினத்தை விளக்கொளி விழும் சுவர்களிலிருந்து துரத்திவிட்டது. தமிழர் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற கப்பல்களிலும் நம் வீட்டுப் பல்லிகள் சீட்டு வாங்காமல் ஏறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அது சுவரில் எப்படி ஒட்டுகிறது என்ற கேள்விக்கு அரிஸ்டாட்டில் காலம் முதல் விடை தேடினார்கள். பசை, உறிஞ்சுதல் என்று பல ஊகங்கள். கெல்லார் ஆட்டம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஒரு பாதமுடியின் ஒட்டு விசையை அளந்து காட்டினார்கள். 2002இல் அது மூலக்கூறுகளுக்கிடையே உள்ள மிக மெல்லிய ஈர்ப்பு என்று நிறுவினார்கள். அவர்கள் ஆராய்ந்த பெரிய 'டோக்கே' பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் நுண்முடிகள். பசையே இல்லாமல் ஒட்டும் இக்கலையைப் பார்த்துப் புதிய ஒட்டுநாடாக்கள் செய்ய முயன்று வருகிறார்கள்.

*

இனி திண்டுக்கல். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவே சமவெளி, சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் பாறை. அந்தப் பாறையின் மேல் 1605இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை கட்டத் தொடங்கினார். 1755இல் ஹைதர் அலி இங்கே பொறுப்பேற்றார். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டையின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பாறையின் பிளவுகளில் வாழ்ந்தவர்களின் வரலாறு எழுதப்படவில்லை. பகல் முழுதும் வெயிலில் காய்ந்த பாறை இரவில் மெல்ல வெப்பத்தை விடுகிறது. குளிர் இரத்தப் பிராணிக்கு இதைவிடச் சிறந்த படுக்கை வேண்டுமா? பீரங்கி மேடையும் பல்லிக்குப் பாறைதான்.

திண்டுக்கல் மாவட்டம் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றது கோட்டையால் அல்ல, இருபுறமும் உள்ள மலைகளால். கோட்டையிலிருந்து பார்த்தால் தெரியும் சிறுமலையில் வாழும் பெரிய பாறைப்பல்லி ஒன்று எந்த நூலிலும் இடம்பெறாத புதிய இனம் என்று 2020இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'ஹெமிடாக்டைலஸ் சிறுமலையென்சிஸ்'. சிறுமலை வாழைப்பழத்துக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே மலையின் பெயர் ஒரு பல்லிக்கும் கிடைத்தது. வீட்டுப் பல்லிக்கு நெருங்கிய உறவு, ஆனால் மிகப் பெரிய உடல், பாறையைவிட்டு விலகாத வாழ்க்கை. சிறுமலை போன்ற தனி மலைகள் சமவெளிக் கடலில் நிற்கும் தீவுகள். மேலே இருப்பது கீழே இறங்கி அடுத்த மலைக்குப் போவதில்லை. கொல்லிமலைக்கும் தேனி மாவட்டத்து மலைகளுக்கும் இதே பேரினத்தில் தனித்தனி இனங்கள் அண்மை ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன.

மேற்கே பழனி மலையின் கதை இன்னும் சுவையானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் ஒருவகைப் பல்லியை 1875இல் குந்தர் என்பவர் ஆனைமலையின் பெயரால் விவரித்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காலத்தில் நியூசிலாந்துப் பல்லிகளின் பேரினத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். சயாம் அரசவையில் மருத்துவராக இருந்து பின்னர் ஊர்வன ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட மால்கம் ஸ்மித் 1933இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'டிராவிடோகெக்கோ' என்று பெயரிட்டார். திராவிடப் பல்லி! எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்பேரினத்தில் ஒரே ஓர் இனம்தான் என்று கருதப்பட்டது. 2019இல் சைதன்யா, வரத் கிரி முதலிய ஆய்வாளர்கள் மரபணுவைக் கொண்டு ஆராய்ந்து ஆறு புதிய இனங்களை அறிவித்தனர்.

இலக்கிய வாசகர்கள் அப்பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரால். ஒன்று ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் பெயரால். ஒன்று ஸ்மித்தின் பெயரால். கொடைக்கானலைச் சேர்ந்த இனத்துக்கோ பழந்தமிழிலிருந்தே பெயர் எடுத்திருக்கிறார்கள்: 'தொல்பல்லி'. தொல்காப்பியத்தின் 'தொல்' அது. உலகின் எந்த மூலையில் உள்ள உயிரியலாளரும் இனி அந்தப் பல்லியைக் குறிப்பிடத் தமிழ்ச் சொல்லைத்தான் உச்சரித்தாக வேண்டும். தமிழின் பெருமையைப் பேசும் மேடைகளில் இச்செய்தி ஒலித்து நான் கேட்டதில்லை.

*

பெட்டியில் வளரும் பல்லிக்கு வருவோம். சிறுத்தைப் பல்லியை 1854இல் விவரித்தவர் எட்வர்ட் பிளித். கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர். பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து கிடைத்த மாதிரி அது. அதாவது இன்று 'வெளிநாட்டுப் பிராணி' என்று விற்கப்படுவது நம் துணைக்கண்டத்தின் வடமேற்கு வறள்நிலத்துக்குரியது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா அதன் சொந்த நிலம். அங்கே மக்கள் அதைக் கொடிய நஞ்சுள்ளதாக அஞ்சினர். 'பிஸ்கோப்ரா' என்று வட இந்தியாவில் சொல்லப்படும் கற்பனை நச்சுப்பல்லியின் பழி இதன் தலையிலும் விழுந்தது. அஞ்சி அடித்துக் கொல்லப்பட்ட பிராணி மேலைநாட்டுக்குப் போய்ச் செல்லப்பிராணியாகத் திரும்பி வருகிறது. கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெட்டியிலேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து பல நிறங்களில் உருவாக்கிவிட்டார்கள்.

அதற்கும் நம் வீட்டுப் பல்லிக்கும் வேறுபாடு பெரிது. சிறுத்தைப் பல்லிக்கு இமை உண்டு. கண்ணை மூடித் தூங்கும். வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை. நாக்கால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லியின் காலில் ஒட்டுப்பகுதி இல்லை. சுவரேறாது, தரையில் நடக்கும். பெட்டியில் வைக்க ஏற்றதாக அது அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முறையான வழியில் ஒருவரிடம் அது வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். முதன்முறை வளர்ப்பவர் அறிய வேண்டியவை சில. ஒரு பல்லிக்கு ஏறத்தாழ மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பெட்டி. ஒரு முனை சூடாகவும் மறுமுனை தணிந்தும் இருக்க வேண்டும். சூடான முனையின் தரை 32 முதல் 34 டிகிரி, தணிந்த முனை 24 முதல் 26 டிகிரி. தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர் இரண்டுக்கும் இடையே நடந்து நடந்துதான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒளிந்துகொள்ள மூன்று இடங்கள் வேண்டும்: சூட்டில் ஒன்று, தணிவில் ஒன்று, ஈரப்பாசி வைத்த ஒன்று. மூன்றாவது தோலுரிப்பதற்கு. ஈரம் போதாவிட்டால் விரல் நுனியில் பழைய தோல் இறுகி விரலே போய்விடும். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது.

மேலைநாட்டுக் கையேடுகள் எல்லாம் பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்று பேசும். திண்டுக்கல்லில் சிக்கல் தலைகீழ். சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலிலேயே வெப்பம் நாற்பதை நெருங்கும் ஊரில் பெட்டி முழுவதும் சூடான முனையாகிவிடும். ஓடித் தணிய இடமிருக்காது. மாடியில் தகரக் கூரைக்குக் கீழே பெட்டி வைத்தால் அது பல்லிக்கு அடுப்பு. தரைத்தளத்தில், சன்னல் வெயில் படாத உள்ளறையில், மண்பானையின் ஈர ஓட்டை ஒளிவிடமாக வைத்து, வெப்பமானியை இரு முனையிலும் பொருத்தி, மின்வெட்டு நேரத்துக்கு மாற்று ஏற்பாடும் வைத்திருந்தால்தான் கோடையைக் கடக்க முடியும்.

உணவு உயிருள்ள பூச்சி. சுவர்க்கோழி, மாவுப்புழு, வளர்ப்புக் கரப்பான். பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. வீட்டில் மருந்தடித்துப் பிடித்த கரப்பானைப் போட்டால் மருந்து பல்லிக்கும் போகும். பூச்சியில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் கால்சியம் பொடியில் புரட்டியே தரவேண்டும். கூடவே டி3 உயிர்ச்சத்தும் வேண்டும். இது தெரியாத தொடக்க காலத்தில் ஏராளமான பல்லிகள் எலும்பு வளைந்து, தாடை மெலிந்து இறந்தன. சுவரில் உள்ள பல்லிக்கு இந்த நோய் அரிது. அது நூறு வகைப் பூச்சியைத் தின்கிறது, விரும்பிய ஒளிக்கும் நிழலுக்கும் தானே போகிறது. பெட்டியில் அடைத்த கணத்தில் இவ்வளவையும் கணக்கிட்டுத் தருவது நம் கடமையாகிவிடுகிறது.

வாலைப் பிடிக்கக்கூடாது. எதிரிக்கு வாலைத் தந்து உயிரைக் காத்துக்கொள்வது பல்லியின் தந்திரம். துண்டித்த வால் துடித்துக்கொண்டிருக்கும்போது உடல் தப்பிவிடும். மீண்டும் முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டு மட்டுமே. சிறுத்தைப் பல்லிக்கு வால் கொழுப்புச் சேமிப்புக் கிடங்கு. அதை இழப்பது பத்தாயத்தை இழப்பது போல. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பதினைந்து இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. கல்லூரியில் சேரும்போது வாங்கியவர் தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அதற்குப் பூச்சி தேடிக்கொண்டிருப்பார்.

*

'முறையான வழியில்' என்று மேலே சொன்னேன். இங்கேதான் கதை கனமாகிறது. தென்கிழக்கு ஆசியாவிலும் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் டோக்கே பல்லி எய்ட்ஸ் நோயைக் குணமாக்கும் என்று 2010ஐ ஒட்டி ஒரு வதந்தி பரவியது. பெரிய பல்லி ஒன்றுக்கு லட்சக்கணக்கில் விலை என்றார்கள். அப்படி எந்த மருந்துக் குணமும் அதற்கு இல்லை என்று 2011இல் பிலிப்பைன்ஸ் அரசு எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அதற்குள் காடுகளிலிருந்து எண்ணற்ற பல்லிகள் பிடிபட்டுவிட்டன. 2019இல் அழிவுக்குரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் டோக்கே இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விழும் பல்லியில் பலன் தேடுவதும் உலர்ந்த பல்லியில் மருந்து தேடுவதும் ஒரே மனத்தின் இரு முகங்கள் அல்லவா?

சிறுமலையை எண்ணி எனக்குக் கவலை தருவது இன்னொரு நிகழ்ச்சி. சிறுத்தைப் பல்லியின் உறவினமான ஒரு குகைப் பல்லி 1999இல் தென்சீனத்திலிருந்து அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரையில் அது கிடைத்த இடம் குறிப்பிடப்பட்டிருந்தது. அதைப் படித்த வணிகர்கள் அங்கேயே போனார்கள். சில ஆண்டுகளில் அந்த இடத்தில் அவ்வினமே இல்லாமல் போனது. ஓர் உயிரை அறிவிப்பதே அதற்கு ஆபத்தாகலாம் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரே ஒரு மலையில் வாழும் உயிருக்கு வேறு முகவரி கிடையாது. சிறுமலைப் பல்லியும் தொல்பல்லியும் அப்படிப்பட்டவை. 'அரிய இனம்' என்ற அடைமொழி வியாபாரிக்கு விலைச்சீட்டு.

சட்டம் ஓரளவு விழித்துக்கொண்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட விலங்கைப் பிடிப்பதும் வேட்டையே. பெடோம் 1870இல் திருப்பதி மலைப்பகுதியிலிருந்து விவரித்த பொன்பல்லி அச்சட்டத்தின் முதல் பட்டியலில் இடம்பெற்றது. காஞ்சிக் கோயிலின் பொற்பல்லிக்கு ஈடாக உயிருள்ள பொன்பல்லி ஒன்று நமக்கு உண்டு. 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள விலங்குகளை வைத்திருப்போர் அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன. எந்தப் பல்லியை வாங்க நினைத்தாலும் முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நலம். பெட்டியில் பிறந்தது என்பதற்குச் சான்று கேட்க வேண்டும். சான்று இல்லாதவரிடம் வாங்கும் ஒவ்வொரு பல்லியும் எங்கோ ஒரு பாறையிலிருந்து பறித்தது என்றே கொள்ளலாம். சிறுமலையிலோ கொடைக்கானலிலோ கண்ட பல்லியைக் குப்பியில் போட்டுக் கொண்டுவருவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

திண்டுக்கல்லுக்கு இதில் நல்ல முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. தேவாங்கு இப்பகுதியின் இன்னோர் இரவுப் பிராணி. மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் பிடிபட்டு வந்தது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் காடுகளைச் சேர்த்துக் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. இரவில் கண் ஒளிரும் சிற்றுயிரையும் ஊர் தன்னுடையதென்று சொல்ல முடியும் என்பதற்கு இது சான்று.

பல்லி வளர்ப்பதே தவறு என்பது என் வாதமல்ல. பெட்டியில் பிறந்த ஒன்றை, அதற்குரிய வெப்பமும் சுண்ணாம்பும் இருளும் தந்து, இருபது ஆண்டு பொறுமையோடு பேணுபவரை மதிக்கிறேன். ஆனால் பேணும் ஆசை உள்ளவர் பெட்டிக்குப் போகும் முன் தம் சுவரைப் பார்க்கலாம். பூச்சி மருந்தைக் குறைத்தால், அலமாரிக்குப் பின்னால் ஒட்டிய இரண்டு வெள்ளை முட்டைகளைத் துடைத்தெறியாமல் விட்டால், வராந்தாவின் விளக்கை விட்டிலுக்கு ஏற்றபடி சற்று நேரம் எரிய விட்டால், அங்கே ஒரு குடும்பமே வாழும். அதற்குப் பெட்டி வேண்டாம், சான்று வேண்டாம், மின்வெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் வேட்டையை, சண்டையை, தோலுரிப்பை, காதலை ஓராண்டு கவனித்துக் குறித்து வைப்பவர் எந்தக் கையேடும் தராத அறிவைப் பெறுவார். கள்ளிக்காட்டில் அதன் அழைப்பைக் கேட்டு அது எதை அழைக்கிறது என்று சரியாகச் சொன்ன புலவர் பல்லியை வளர்த்தவர் அல்லர், அதனோடு வாழ்ந்தவர்.